படமெடுத்தவர் நின்ற இடம்

— அந்த ஓரத்துல நிக்கிற உங்க அண்ணன் பொம்மையை அழிச்சிடு தம்பி. அதுக்குத்தானே கூப்பிட்ட?

— அழிக்கிறதுக்கு இல்ல அண்ணி. பாக்கிறதுக்கு. உக்காருங்க.

— எனக்கு இந்தப் பொம்மைச் சண்டையெல்லாம் புரியாது. கல்யாணமான நாள்லேர்ந்து பாத்தும் புரியல.

— சண்டை இல்ல. அதாவது, கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள்ள போய் நாங்க நடிப்போம். நான் என் வீட்லேர்ந்து, என் சிநேகிதன் அவன் வீட்லேர்ந்து. அண்ணன் நடிக்க மாட்டாரு. விளையாட்டுல அவரோட பொம்மை ஆள் தள்ளி நின்னு பாப்பான். அவன் கண்ணுல என்ன விழுதோ அதுதான் படம்.

— தெரியும். வேலைக்கு லீவு போட்டுட்டு சினிமா. நாலு பேர் பாக்கிற சினிமா.

— அஞ்சு. அம்மாவும் பாத்தாங்க.

— சிரிக்க வைக்காத. விஷயத்தைச் சொல்லு.

— அண்ணன் தவறின ராத்திரி அவர் எடுத்ததுல கடைசிப் பகுதி மேலயும் கீழயும் ஆடுது. வீணாப்போச்சுன்னு ஒதுக்கி வெச்சிருந்தேன். இன்னிக்குத்தான் வேற கோணத்துலேர்ந்து பாத்தேன்.

— வேற கோணம் எங்கேர்ந்து வந்துச்சு? எடுத்தது உங்க அண்ணன் ஒருத்தர்தானே?

— விளையாட்டு எங்க எல்லாரோட அசைவையும் சேத்து வெக்கும் அண்ணி. குரல் இருக்காது, அசைவு மட்டும். அப்புறமா கேமராவை எங்க வேணா கொண்டுபோய் வெக்கலாம். நான் அண்ணன் மூஞ்சிக்கு நேரா வெச்சேன்.

— கிட்டத்துல இப்படியா இருக்காரு? மழைக்கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு?

— அவரே தேர்ந்தெடுத்ததுதான்.

— நிஜ மழைக்கு ஒரு குடை எடுத்துட்டுப் போனதில்ல. சரி, ஓட்டு... என்ன, தலையை ஆட்டுறாரு?

— அதுக்குத்தான் கூப்பிட்டேன். அதாவது, இந்த ஆளுங்களுக்கு வாய் அசையாது. யாரு பேசுறாங்கன்னு தெரியணும்ல? அதனால பேசுறவன் மவுஸை முன்ன பின்ன தள்ளுவான், அவன் ஆள் தலை ஆடும். மத்தவங்க கல்லு மாதிரி நிக்கணும். எங்க கையில ஊறிப்போச்சு. அண்ணன் ஃபோன் பேசும்போதுகூட ஒரு கை மேசைமேல போய்ப் போய் வரும்.

— சாப்பிடும்போதும்தான். கையைச் சும்மா வெச்சுத் தொலைங்கன்னு திட்டுவேன்.

— இப்ப அவர் பேசுறாரு அண்ணி. ஆனா எங்ககிட்ட இல்ல. காட்சி ஓடும்போது படமெடுக்கிறவர் மைக்கை அணைச்சுடுவாரு.

— பின்ன யார்கிட்ட?

— அன்னிக்கு நீங்க அறைக்குள்ள வந்தீங்க. தலை வலிக்குதான்னு கேட்டீங்க. பதில் சொல்லலன்னு சொன்னீங்க.

— மூணு தடவை கேட்டேன். முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. கதவை அறைஞ்சு சாத்திட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். காலையில வந்தப்போ... அதான் உனக்குத் தெரியுமே.

— மூளையில ரத்தம் கட்டினதுல முதல்ல பேச்சுதான் போயிருக்கும்னு டாக்டர் சொன்னாருல்ல? வலது கை காலும் விழுந்திருக்கும்னாரு. அண்ணன் இடதுகைக்காரர். மவுஸ் அந்தக் கையில இருந்துச்சு. பாருங்க. ஆடுது. நிக்குது. மறுபடி ஆடுது.

— இன்னொரு தடவை ஆடும்.

— ஆடுது. வாய் வரல அண்ணி. கை பேசியிருக்கு.

— நிறுத்து.

— கொஞ்சம் இருங்க. இங்க அவர் ஆள் திரும்புறான். நாங்க முன்னாடி நடிச்சுக்கிட்டிருக்கோம், அவன் எங்களுக்கு முதுகைக் காட்டிட்டு மெதுவா முழுசாச் சுத்துறான். விளையாட்டுல அந்தப் பக்கம் வெறும் சுவர். அண்ணன் அறையில கதவு நாற்காலிக்குப் பின்னாடிதானே?

— நிறுத்துன்னு சொன்னேன்ல.

— நிறுத்திட்டேன். நாங்க யாரும் கவனிக்கல அண்ணி. படமெடுக்கிறவரை யார் பாப்பாங்க? காட்சி முடிஞ்சதும் கூப்பிட்டோம். தூங்கிட்டாருன்னு சொல்லிச் சிரிச்சோம்.

— இதை ஊருக்குப் போட்டுக் காட்டப்போறியா?

— நீங்க வேணாம்னா இப்பவே அழிச்சுடறேன். ஆனா இவ்வளவு நாளா, கடைசியிலகூட என்னை ஒரு மனுஷியா மதிக்கலன்னு சொல்லிச் சொல்லி அழறீங்க. மதிச்சிருக்காரு. வலிக்குதான்னு கேட்டீங்க. ஆமான்னு மூணு தடவை சொல்லியிருக்காரு. அதையாவது எடுத்துக்கிட்டுப் போங்க.

— தம்பி.

— சொல்லுங்க.

— அந்தத் தலையாட்டுற இடத்தை மறுபடி போடு.

— போட்டாச்சு.

— இது ஆமான்னு சொல்றதுதானா? என்னமோ பேசவும் வந்திருக்கலாம்ல?

— எதுவா இருந்தா என்ன அண்ணி, உங்களுக்குத்தானே பதில்.

— வலிக்குதான்னு நான் கேக்கல தம்பி. உங்க எல்லார்கிட்டயும் அப்படிச் சொல்லிட்டேன். உங்களை விட்டுட்டு ஒரேயடியாப் போயிடவான்னு கேட்டேன்.