பெம்பாவுக்கு ஒரு சீட்

சுவேனா: பைய கீழ வச்சுட்டு மறுபடியும் தராசுல ஏறு.

ஹமாதி: இப்பத்தானே ஏறுனேன். அதுக்குள்ள எளச்சிருக்கப் போறேனா?

சுவேனா: பையோட ஏறுனா எப்படிண்ணே? இது பன்னெண்டு பேரு போற சின்ன விமானம். ஆள நிறுத்துப் பாத்துத்தான் ஏத்துவோம்... எண்பத்தெட்டு. எழுதிக்கிட்டேன்.

ஹமாதி: பதினாலு வருஷமா இந்த ஜான்சிபார் ஏர்போர்ட் வாசல்ல டாக்ஸி போடுறேன். உள்ள ஆட்ட நிறுக்கிற மாதிரி மனுஷன நிறுப்பீங்கனு இன்னிக்குத்தான் தெரியுது.

சுவேனா: நீ ஒரு நாளாச்சும் பெம்பாத் தீவுல இருக்குற உன் ஊருக்குப் பறந்திருந்தாத்தானே தெரியும்.

ஹமாதி: பறக்கலதான். யாரு இல்லேன்னா?

சுவேனா: சும்மா சொன்னேன்ணே. போய் அந்த பெஞ்சுல உக்காரு.

ஹமாதி: சீட் உண்டா இல்லையா? அதச் சொல்லு.

சுவேனா: வெயிட்டிங்ல முதல் பேரு உன்னோடதுதான். ரெண்டரை விமானத்துக்கு யாராச்சும் வரலேனா...

ஹமாதி: யாரு வராமப் போவா? பெம்பாவுல கடலுக்கடியில நீந்தப் போற வெள்ளக்காரங்க. ஆறு மாசம் முன்னாடியே பணம் கட்டுனவங்க.

சுவேனா: வராமப் போவாங்க. நேத்துக்கூட ஒரு ஜோடி கடற்கரையிலயே தூங்கிப் போச்சு. ஏதாச்சும் சாப்பிட்டியா? சப்பாத்தி இருக்கு, தேங்காப்பால் ஊத்துன பயறு இருக்கு.

ஹமாதி: அம்மாவ அங்க குளிப்பாட்டிக் கெடத்தியிருக்காங்க. நான் இங்க உக்காந்து சப்பாத்தி திங்கவா?

சுவேனா: சரி... விடு. உன் போன் எங்க?

ஹமாதி: சார்ஜ் போச்சு.

சுவேனா: குடு, கவுண்டர்ல சொருகி வைக்கிறேன்.

ஹமாதி: வேணாம்னேன்ல. மணி என்ன?

சுவேனா: ஒண்ணே முக்கால். பதறாதே. நாலு மணி அசர் தொழுகை வரைக்கும் வச்சிருப்பாங்க.

ஹமாதி: மதியத் தொழுகை முடிஞ்சதும் எடுக்கணும், வெயில் தாங்காதுனு அண்ணன் சொன்னான். நான் வந்து முகம் பாக்குற வரைக்கும் எடுக்காதீங்கடானு கெஞ்சினேன்.

சுவேனா: அப்ப எடுக்க மாட்டாங்க. மூணு மணிக்கெல்லாம் எறங்கிருவே. உங்கண்ணன் மோட்டார் சைக்கிளோட நிப்பாரு. நேராப் போய்...

ஹமாதி: அவன்கிட்ட பேசுனியா?

சுவேனா: நானா? இல்லியே... எனக்கு எங்க நேரம், காலைலேருந்து கவுண்டர்ல நிக்கிறேன்.

ஹமாதி: காலைல எட்டு மணி விமானத்துல எனக்குச் சீட் பிடிச்சு வச்சிருந்தே.

சுவேனா: அதெல்லாம் இப்ப எதுக்குண்ணே?

ஹமாதி: ஏழரைக்கே வாசலுக்கு வந்துட்டேன், தங்கச்சி. பையும் கையுமா. ஒரு போலந்துக்காரக் குடும்பம் நின்னுச்சு. வடக்க நுங்க்வி போகணும்னாங்க. நாலு பெட்டி, ரெண்டு கொழந்தைங்க...

சுவேனா: அப்ப அம்மாவுக்கு உயிர் இருந்துச்சே. உனக்கென்ன தெரியும்?

ஹமாதி: தெரியாம என்ன? அம்மா உன்னயத்தான் கேக்குதுன்னு அண்ணன் மூணு நாளா சொல்றான். நாளைக்கு ரெண்டு பெரிய விமானம் வருது, சவாரி முடிச்சுட்டு வர்றேன்னு நானும் மூணு நாளா சொல்றேன். நேத்து ராத்திரி போன்ல அழுதான். அப்படியிருந்தும் காலைல அந்தக் குடும்பத்தப் பாத்ததும்... போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், பதினோரு மணி விமானத்தப் பிடிச்சுரலாம்னு புத்தி போகுது.

சுவேனா: அப்பறம்?

ஹமாதி: நுங்க்வில பெட்டிய எறக்கும்போது போன் வந்துச்சு. முடிஞ்சிருச்சுன்னான். அந்த வெள்ளக்காரம்மா வாடகைக்கு மேல கொஞ்சம் பணம் குடுத்துச்சு. நான் தேங்க்யூ சொன்னேன், சுவேனா. சிரிச்சுக்கிட்டே சொன்னேன்.

சுவேனா: பதினோரு மணிக்கு நானும் கெஞ்சாத ஆளில்ல. ஒருத்தரும் எடம் விடல.

ஹமாதி: உன் மேல என்ன தப்பு? எல்லாம் நான் பண்ணுனது.

சுவேனா: இரு, கவுண்டர் போன் அடிக்குது... ஆங், சொல்லுங்க... எத்தன பேரு? ஒருத்தரா? சரி, சரி... அண்ணே, எந்திரி. ஒருத்தருக்குக் காய்ச்சலாம், ஹோட்டல்லயே தங்கிட்டாராம். சீட் கெடச்சிருச்சு.

ஹமாதி: ஒரு சீட்தானா?

சுவேனா: ஒண்ணுதான், எந்திரிண்ணே. பத்து நிமிஷத்துல ஏத்திருவாங்க.

ஹமாதி: வெயிட்டிங்ல ரெண்டாவது யாரு?

சுவேனா: அதோ, அந்தக் கைக்கொழந்தைக்காரி. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுத் திரும்புறா. அதுக்கென்ன?

ஹமாதி: அவளுக்குக் குடு.

சுவேனா: உனக்குப் பைத்தியமா? அங்க அம்மாவோட மையத்த வச்சுக்கிட்டு உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க...

ஹமாதி: அண்ணன் உனக்கு எப்பப் பேசுனான்?

சுவேனா: பேசலேண்ணே. நீ மொதல்ல எந்திரி.

ஹமாதி: சொல்லு புள்ள. உனக்குப் பொய் வராது.

சுவேனா: ஒண்ணேகாலுக்கு, கவுண்டர் போன்ல. வெயில்னால வைக்க முடியல, அடக்கம் பண்ணிட்டோம்னாரு. அவன்கிட்ட சொல்லிராதே, ஏத்தி மட்டும் அனுப்பு, நான் பக்கத்துல இருந்து சொல்லிக்கிறேன்னாரு. என்னய மன்னிச்சிருண்ணே.

ஹமாதி: அதுக்கு முன்னாடியே என் மச்சான் பேசிட்டான். அடக்கத்துக்கு நல்ல கூட்டம்னான். அப்பறந்தான் நான் போன அணைச்சேன்.

சுவேனா: தெரிஞ்சுக்கிட்டேவா சீட் கேட்டே?

ஹமாதி: கெடைக்காதுனு நெனச்சேன். சீட் இல்ல, அதான் வரலேனு ஊருல சொல்லிக்கலாம்ல.

சுவேனா: ஏண்ணே இப்படிப் பேசுறே... போய் அந்தக் கபருல ஒரு பிடி மண்ணாச்சும் போட்டுட்டு வா.

ஹமாதி: அண்ணன் முகத்த எப்படிப் பாப்பேன்? இன்னிக்கு முடியாது.

சுவேனா: அப்ப வீட்டுக்குப் போ. பொண்டாட்டி புள்ளைங்ககிட்டப் போய் அழு. இந்த பெஞ்சுல தனியா எதுக்கு உக்காந்திருக்கே?

ஹமாதி: வாசலத் தாண்டித்தானே போகணும். மூணு மணிக்குப் பெரிய விமானம் எறங்குது. எவனாச்சும் டாக்ஸினு கையக் காட்டுவான்... இன்னிக்கும் நான் சவாரி போயிருவேன், தங்கச்சி.