ரெண்டு பசங்களுக்கு ஒரு கொக்கு

— கதவை இழுத்துப் பாக்காத. உள்ளேருந்து தொறக்காது.

— சிக்னல்லதானேம்மா நிக்குது? இங்கேயே எறங்கிக்கறேன். கிளப் பக்கம்தான், நடந்துடுவேன்.

— ஸ்கூல் வேன்ல பின்சீட்ல உக்காந்தா, டிரைவர் வந்து தொறந்துவிட்டாத்தான் எறங்கலாம். யூகேஜி பையனுக்கும் அதான் சட்டம், டீம் மேனேஜருக்கும் அதான் சட்டம்.

— நான் முன்னாடிதான் உக்காரப் போனேன். நீதான் பை இருக்குன்னு இங்க தள்ளின. முட்டி மூக்குல இடிக்குது.

— இடிக்கட்டும். நேத்துலேருந்து எத்தனை தடவை போன் பண்ணேன், எடுத்தியா? பைக் சர்வீஸுக்கு விட்டுட்டு பஸ் ஸ்டாப்ல நின்னதால கையில மாட்டின. இங்க பாரு, ஒரே கேள்வி. பேப்பர்ல போட்டிருக்கறது நிஜமா, இல்லையா?

— எதைச் சொல்ற?

— எதையா? விளையாட்டுப் பக்கத்துல பாதியை அடைச்சு கொக்கோட படம். துறைமுக டீமுக்கு அவரைக் கொடுத்துட்டு, அங்கேருந்து ரெண்டு சின்னப் பசங்களை வாங்கப் போறீங்கன்னு செய்தி. டீமுக்கு மேனேஜர் நீ. கொக்கு உன் கூடப் பொறந்த தங்கச்சி, நம்ம பாப்பாவைக் கட்டினவர். எனக்கு மாப்பிள்ளை. ஊர்ல டீ குடிக்கறவனுக்கெல்லாம் தெரிஞ்சது எனக்குத் தெரியல. நான் வெங்காயம்.

— அதைப் பத்தித்தாம்மா உன்கிட்ட சொல்லணும்னு...

— இரு, பச்சை விழுந்துடுச்சு. ஹலோ தம்பி, ஸ்கூட்டர், போறியா இல்ல தூங்கிட்டியா? போப்பா. ம், இப்பச் சொல்லு. இல்ல, வேணாம், நான் சொல்றேன். ஏழு வருஷம். ஏழு வருஷமா அந்த மனுஷன் தலையாலதான் இந்த டீம் நின்னுது. ஃபைனல்ல கடைசி நிமிஷம், கார்னர் வருது, எதிர்டீம்ல நாலு பேர் சுத்தி நிக்கறான், நடுவுல இவர் மட்டும் மேல போறார். அந்த நீளக் காலை மடக்கிட்டு ஒரு நொடி அப்படியே நின்னார் பாரு. அன்னிக்குத்தானே கொக்குன்னு பேர் வந்துது?

— தெரியும்மா. நானும் அங்கதான் இருந்தேன்.

— நீ பெஞ்ச்ல இருந்த. நான் கேலரில இருந்தேன். ரெண்டும் ஒண்ணு இல்ல.

— சரி. அப்ப கேலரில உக்காந்து பாக்கறவளா ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு. மாமியாரா பேசாத. பேப்பர்ல போட்ட மாதிரியே நடக்குதுன்னு வெச்சுக்கோ. அது தப்பா?

— தப்புதான். நீ பொறக்கறதுக்கு முன்னாடி நம்ம டீம்ல ஒரு கோல்கீப்பர் இருந்தார். சுவர்னு கூப்பிடுவோம். வயசாயிடுச்சு, வயசாயிடுச்சுன்னு சொல்லி அவரைக் கொடுத்துட்டு ஒரு ஃபார்வர்டை வாங்கினாங்க. அந்த ஃபார்வர்ட் வந்த வேகத்துலயே கால ஒடிச்சுக்கிட்டான். மறுவருஷம் அதே சுவர் எதிர்டீம் சட்டையைப் போட்டுட்டு நம்ம மைதானத்துல நம்ம பெனால்டியைப் புடிச்சார். நான் உன்னை வயித்துல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். கை தட்டறதா வேணாமான்னு தெரியல. பாதி தட்டிட்டு நிறுத்திட்டேன். அந்த மாதிரி நான் வாழ்க்கையில அசிங்கப்பட்டதில்ல.

— அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சொல்லட்டுமா? பழைய கேப்டன். எல்லாரும் தலையில வெச்சுக் கொண்டாடினோம். விடமாட்டோம்னு ஜனங்க கத்தினாங்க, நிர்வாகமும் விடல. நடக்கவே முடியாத மனுஷனை நிறுத்தி வெச்சு ஆடினோம். மூணு சீசன் ஒரு கோப்பை கிடையாது. அவரால வெளிய உக்காந்து கிடந்த பசங்க எல்லாம் வேற டீமுக்கு ஓடிட்டாங்க. கடைசி மேட்ச்ல அவரையே கூச்சல் போட்டு வெளிய அனுப்பினாங்க. நீயும் கத்தினன்னு நீயேதான் சொல்லியிருக்க.

— கத்தினேன்தான். நான் கத்தலாம், நான் டிக்கெட் வாங்கறவ. நீ கத்தக் கூடாது, நீ அவர் மச்சான்.

— இதைத்தாம்மா சொல்றேன். எங்க போனாலும் கடைசில மச்சான்னு வந்து முடியுது. கிளப்ல கேட்டா, 'உங்க ஆளுதானே, அதான் உக்கார வைக்க மாட்டேங்கறீங்க'ங்கறாங்க. வீட்டுக்கு வந்தா, 'நம்ம ஆளுதானே, அவரைப் போய் விக்கறியே'ங்கறீங்க. நான் எந்தப் பக்கம் திரும்பறது?

— நீ எந்தப் பக்கமும் திரும்ப வேணாம். லெஃப்ட்ல லாரி வருது, வண்டியைத் திருப்பறதை நான் பாத்துக்கறேன். ஏன்டா, அந்த ரெண்டு பசங்க யாரு? நிஜமாவே ஆடுவானுங்களா?

— ஒருத்தன் லெஃப்ட் விங். போன மாசம் நம்மளோட ஆடினப்ப பாத்திருப்ப. சுருட்டை முடி.

— ஓ, அவனா? நம்ம டிஃபென்ஸை ரெண்டு தடவை உக்கார வெச்சுட்டுப் போனானே.

— அவன்தான். இன்னொருத்தன் நடுவுல ஆடறவன். சத்தமே இல்லாம பந்தை வாங்கிக் கொடுப்பான்.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்ல. எவனோ தண்ணி பாட்டிலை மறந்து வெச்சுட்டுப் போயிருக்கான், காலுக்கடியில உருளுது பாரு, எடுத்து மேல வை. பிரேக்குக்கு அடியில வந்துட்டா அவ்ளோதான்.

— வெச்சுட்டேன். நீ பேச்சை மாத்தற.

— மாத்தல. யோசிக்கறேன். யோசிக்கறவகிட்ட பேச்சுக் கொடுக்காத.

— கார்னர் வர்றப்ப அவர் எப்படிப் போறார்னு கவனிச்சியாம்மா, இந்த சீசன்ல?

— கவனிச்சேன். போன சீசன்லேருந்தே கவனிக்கறேன். முன்னெல்லாம் மேல ஏறுவார். இப்ப பக்கத்துல நிக்கறவனைத் தோளால தள்ளறார். ஏறலைன்னு வெளிய தெரியக் கூடாதுன்னு தள்ளறார். பந்து தலைக்கு மேல போயிடுது, இவர் ரெஃப்ரீயைப் பாத்துக் கையை விரிக்கறார். கேலரில எல்லாரும் ரெஃப்ரீயைத் திட்டறான். நானும் சேந்து திட்டறேன். எனக்குத் தெரியும், அது ரெஃப்ரீ தப்பு இல்ல.

— வலது முட்டிம்மா. ரெண்டு தடவை ஊசி போட்டாச்சு.

— பாப்பா என்கிட்ட சொல்லவே இல்லையே.

— அவளுக்கே தெரியாது. மச்சான் சொல்ல விடல. நீயும் சொல்லாத.

— எல்லாத்தையும் என் தலையில கட்டு. சொல்லாத, பேசாத, பாக்காத. பேசாம நான் ஒரு... இரு, போன். பாப்பாதான் கூப்பிடறா. ஸ்பீக்கர்ல போடறேன். வண்டியை ஓரம் கட்டிட்டேன். நீ இருக்கறது தெரியக் கூடாது, மூச்சுவிடாத. சொல்லுடி.

— அம்மா, பசங்களை இறக்கிட்டியா?

— இறக்கியாச்சு. என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு? அழுதியா?

— நேத்து அழுதேன். இப்ப இல்ல. அம்மா, அண்ணன்கிட்ட சண்டை ஏதும் போட்டுடாத. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.

— நான் ஏன் போடப் போறேன்?

— நீ போடுவ. கேளு. நேத்து பேப்பரைப் பாத்ததும் நான் அப்படியே உக்காந்துட்டேன். வீடு, பொண்ணோட ஸ்கூல், என் வேலை, எல்லாத்தையும் தூக்கிட்டு எங்கயோ போகணுமான்னு. இவரும் உடைஞ்சு போயிடுவார்னு நெனச்சேன். பயந்துட்டேதான் பேப்பரை நீட்டினேன். படிச்சார். திரும்பப் படிச்சார். அப்புறம் சிரிச்சார்மா.

— சிரிச்சாரா?

— 'எனக்கு ரெண்டு பேரைக் கொடுக்கறேங்கறாங்க பாத்தியா, முப்பத்திமூணு வயசுல'ன்னார். ராத்திரி உக்காந்து இவளோட கேரம் ஆடினார். எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா, வீட்டுக்கு வந்தா நேரா போய்ப் படுத்துக்குவார். இன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே எழுந்து ஓடப் போயிட்டார். கேட்டா, 'துறைமுகத்துக்காரங்க வந்து பாப்பாங்க, தொப்பையோட நிக்க முடியுமா'ங்கறார். அங்க கடல் தெரியற மாதிரி வீடு பாக்கணுமாம். இவளும் கடல்னதும் ஆமாம் ஆமாம்னு குதிக்கறா.

— உனக்கு?

— எனக்குப் போக இஷ்டமே இல்ல. ஆனா அவர் மூஞ்சியைப் பாத்ததும் சொல்ல வரல. வேலை எங்க வேணும்னாலும் தேடிக்கலாம். அண்ணனைப் பாத்தா சொல்லு. எங்களுக்காகப் பாக்க வேணாம், அவன் டீமுக்கு எது நல்லதோ செய்யட்டும். இவர் அங்க போனா இன்னும் ரெண்டு வருஷம் ஆடுவாராம். அவரே சொல்றார்.

— சரி. சொல்றேன். நீ வேலைக்குக் கிளம்பு, லேட்டாகுது. வெச்சுடறேன். ம், கட் பண்ணிட்டேன். கேட்டியாடா?

— கேட்டேன்.

— நல்லதுதானே சொன்னா. ஏன் மூஞ்சியை அப்படி வெச்சிருக்க? கண்ணாடியில தெரியுது.

— ஒண்ணுமில்லம்மா. வண்டியை எடு.

— எடுக்கறேன். எடுக்கறதுக்கு முன்னாடி சொல்லிடறேன், அப்புறம் என் மனசு மாறிடும். நேத்துலேருந்து உன்னைத் திட்டணும்னு வரிசையா அடுக்கி வெச்சிருந்தேன். அதெல்லாம் போகட்டும். கேலரில உக்காந்து பாக்கறவளாச் சொல்றேன். கொடுத்துடு.

— அம்மா...

— குறுக்கப் பேசாத. அந்த சுருட்டை முடிப் பையன் வந்தா நமக்கு லெஃப்ட் சைடு ஒரு கவலை இல்ல. நடுவுல சத்தமில்லாத பையன் வேற. டீம் பத்து வருஷம் ஓடும். என்னைக் கேட்டா போன சீசனே மாத்தியிருக்கணும். எனக்குத் தெரிஞ்சுது, சொல்ல வாய் வரல. கேலரில என் பக்கத்துல உக்காந்தவன் எவனாவது கொக்கைத் தூக்குங்கடான்னு சொல்லியிருந்தா சட்டையைப் புடிச்சிருப்பேன். வீட்டுக்கு வந்து நானே அதைத்தான் நெனச்சிருப்பேன். சுவரைக் கொடுத்தப்ப நான் கத்தினது டீமுக்காக இல்லடா. எனக்குப் புடிச்ச ஆளு போறாரேன்னுதான். அது ரசிகர் பண்ற வேலை. மேனேஜர் பண்ற வேலை வேற.

— நீ இப்படிச் சொல்லுவன்னு நான் நெனக்கல.

— நானே நெனக்கல. அதுவும் அவருக்கு நல்லதுன்னா எதுக்குத் தடுக்கணும்? கூச்சல் போட்டு வெளிய அனுப்பறதுக்கு முன்னாடி, கேக்கறவங்ககிட்ட மரியாதையா அனுப்பி வெச்சா அவர் மனசும் நிறைஞ்சிருக்கும். நம்ம மைதானத்துல நமக்கு எதிரா ஆட வருவார். வரட்டும். இந்தத் தடவை முழுசாக் கை தட்டுவேன்.

— மெதுவாப் போம்மா. கிளப் வந்துடுச்சு.

— வந்துடுச்சு. கேட்டுக்கு முன்னாடி என்ன கூட்டம்? ஐயோ, இது நம்ம பசங்கதான்.

— நம்ம பசங்கன்னா?

— கேலரி குரூப். நேத்து கோவத்துல நான்தான் மெசேஜ் போட்டேன், எல்லாரும் காலையில கிளப் வாசலுக்கு வாங்கன்னு. அட்டையைப் பாரு, 'கொக்கை விக்காதே.' அந்த அக்கா கடையைப் பூட்டிட்டு வந்திருக்காங்க. மேளம் வேற கொண்டு வந்துட்டானுங்க. இரு, நான் எறங்கி சொல்லிட்டு வர்றேன். இது நல்லதுக்குத்தான், அவருக்கும் நல்லது, டீமுக்கும் நல்லது, வீட்டுக்குப் போங்கன்னு. நான் சொன்னா கேப்பாங்க.

— எறங்காத. உக்காரும்மா.

— ஏன்?

— அவங்க கத்தட்டும். கத்தினா நல்லது. நாலு பேர் போட்டோ எடுத்துப் போடுவாங்க.

— என்னடா பேசற? உனக்கு எதிராத்தானே கத்தறாங்க?

— அம்மா, துறைமுக டீம் அவரைக் கேக்கல.

— கேக்கலன்னா? இனிமேதான் கேக்கப் போறாங்களா?

— இல்ல. நான்தான் போன மாசம் போய்க் கேட்டேன். ரெண்டு பேர் வேணாம், ஒருத்தனைக் கொடுங்கன்னேன். அப்புறம் யாரையுமே கொடுக்க வேணாம், சும்மா எடுத்துக்கோங்கன்னேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிட்டாங்க. மத்த டீம் எல்லார்கிட்டயும் கேட்டாச்சு. முட்டி விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. இந்த மாசம் முடியறதுக்குள்ள யாரும் எடுத்துக்கலன்னா அவரை வீட்டுக்கு அனுப்பிடணும்னு நிர்வாகம் சொல்லிடுச்சு.

— அப்ப அந்தப் பேப்பர்காரன் எதை வெச்சு எழுதினான்?

— நான்தாம்மா எழுதச் சொன்னேன். அதைப் படிச்சுட்டாவது எவனாவது கேப்பானான்னு.