எண்ணெய் டேங்குக்கு ஒரு விளக்கு

திருச்சுழி பஸ்ஸில் புத்தகத்தை விரித்துவைத்து, வழக்கம்போல் முன் இருக்கைப் பேச்சைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். கிணறு தூர்வாருகிற ஒருவர் பக்கத்திலிருந்த மாமாவிடம் சொன்னார்:

"மில்லு டீசல் எண்ணெய் டேங்குல கசடு அள்ளணும் மாமா. மொதல்ல விளக்க எறக்கிப் பாப்போம். அணையலைன்னா உள்ள காத்து நல்லாருக்கு."

"அது கெணத்துக்கு மாப்ள. எண்ணெய் ஆவியில விளக்கு எங்க அணையும்? டேங்கு வெடிச்சு நீதான் அணைவ. ஆவிய அளக்குற மீட்டரு வச்சுல்ல பாக்கணும்."

"கேட்டேன். கெணத்துக்காரனுக்கு எதுக்கு மீட்டருன்னுட்டாக. என் தம்பி காலையிலேயே மில்லுக்குப் போயிட்டான்."

"அவனுக்குப் போனப் போடு."

போட்டார். மணி அடித்து ஓய்ந்தது.

"போன மில்லு கேட்டுலயே வாங்கி வச்சுருவாக மாமா. தீப்பொறி வருமாம்."

"விளக்க வாங்கலையா?"

"அது அவன் சோத்துக் கூடையிலல்ல இருக்கு."