ஏழு வருடம் கழித்துச் சொன்னது

மன்னாரில் பெரியமடுவுக்குப் போகும் பஸ் புறப்படக் காத்து நின்றது. எனக்கு முன் இருக்கையில் ஒரு தகப்பனும், அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிவந்த மகளும் இருந்தார்கள். திடீரென்று அவர் சொன்னார்: "பிள்ளை, உன்ர டாக்குத்தர் படிப்பை நான்தான் கெடுத்தனான்."

மகள் திரும்பிப் பார்த்தாள்.

"நீ டிகிரி முடிச்சு, வெளிநாட்டில மெடிசின் படிக்க அப்ளிகேசன் போட்டனியெல்லே. இடம் கிடைச்சிட்டுதெண்டு அந்தக் கம்பஸால என்ர போனுக்குத்தான் எடுத்தவை. நீ வரமாட்டாய் எண்டு சொல்லிப்போட்டன். அம்மா செத்து மூண்டு மாசம். நீயும் போனா வீட்டில ஆர் எண்டு பயந்திட்டன்."

"தெரியும் அப்பா."

"எப்பிடி?"

"எனக்கு ஈமெயில் வந்தது. உங்கட அப்பா மறுத்திட்டார், வாறதெண்டா ரெண்டு கிழமைக்குள்ள அறிவியுங்கோ எண்டு எழுதியிருந்தவை."

"பிறகேன் நீ அறிவிக்கேல்ல?"

"நீங்களே வந்து, போ பிள்ளை எண்டு சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

அவர் அவள் கையைப் பிடித்தார். "இப்ப சொல்லுறன், போ பிள்ளை."

"ஏழு வருசம் போயிட்டுது, அப்பா," என்றாள் அவள் மெல்ல. "இப்ப என்னட்டப் படிச்ச பிள்ளையள் மெடிசினுக்குப் போகுதுகள்."