யானை யாருக்கு மாலை போட்டது

சாப்பிட்ட தட்டை உடனே கழுவிவிடுவது நல்ல பழக்கம். அதை நான் என்றைக்கும் குறை சொன்னதில்லை, சிவநேசன் சார். தொடர் முடிந்த கையோடு என் கணவர் விமலன் தட்டோடு எழுந்துவிடுவார். பெயர்கள் ஓடி முடிந்து நம் டிவி நிலையத்தின் லோகோ வரும்போது, கிள்ளானில் எங்கள் வீட்டு ஹாலில் மிஞ்சுவது நானும் சோபாவும்தான்.

அந்த லோகோக்களை வரைந்தவள் நான். நீங்கள் நிகழ்ச்சித் தலைவராக வருவதற்கு முன்பே வரைந்துகொண்டிருந்தேன். முதலில் குத்துவிளக்கு. சுடர் ஆடுவது அபசகுனம் என்று யாரோ முதலாளியிடம் ஓதிவிட்டார்கள். ஆடாத சுடர் போட்டேன். டிவி நின்றுபோய்விட்டது என்று ஜனங்கள் ரிமோட்டைத் தட்டினார்கள். பிறகு இரட்டைக் கோபுரத்தைச் சுற்றும் பூமி உருண்டை. கடைசியாக யானை. பழங்கதைகளில் பட்டத்து யானை மாலையோடு தெருவில் போய் ராஜாவைத் தேர்ந்தெடுக்குமே, அந்த யானை. நடந்துவந்து நிலையத்தின் பெயருக்கு மாலை போடும். நடை சரியாக வரவேண்டும் என்று மிருகக்காட்சிசாலைக்கு நாயாய் அலைந்தேன்.

ஒருவர்கூடப் பார்த்ததில்லை. கைப்பேசிச் செயலியில் இன்னும் மோசம். தும்பிக்கை நுனி தெரிவதற்குள் அடுத்த பகுதிக்குத் தாவிவிடும். எனக்கு வலித்தது. அதற்காக நான் கோபக்காரி இல்லை.

பந்திங் தோட்ட முதலாளியைக் கொன்றது யார் என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்ட தொடரின் கடைசிப் பகுதி, எடிட்டிங்குக்கு என்னிடம்தான் வந்தது. கொலையாளி ஒப்புக்கொள்ளும் காட்சியை வெட்டினேன். இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து "நீயா?" என்பார், பெயர்கள் ஓடும். அப்புறம் யானை வரும். நிலையத்தின் பெயருக்குப் பதிலாக, மாலையைக் கொண்டுபோய்க் கொலையாளியின் கழுத்தில் போடும். நான் எதையும் மறைக்கவில்லை. கொஞ்சம் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும்.

காஜாங்கில் ஒரு நிச்சயதார்த்தம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் தோட்ட முதலாளியை டாக்டர்தான் கொன்றார் என்கிறார்கள், பெண் வீட்டார் சின்ன மருமகள் என்கிறார்கள். எதிர்வீட்டு இராஜம்மா ஆன்டி முடிவைப் பார்க்கவேண்டும் என்றுதான் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருந்தார். இன்னும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். டாக்டராக நடித்த இக்ராம் பிரிக்பீல்ட்ஸ் கடையில் தோசை கேட்டால், "கொலைகாரனுக்குச் சட்னி இல்ல லா" என்கிறாராம் கடைக்கார அக்கா. பாவம், அவர் கொல்லவே இல்லை. ஒரு வார்த்தை சொல்லி அவரைக் காப்பாற்றியிருக்கலாம். சொல்லிவிட்டால் யானைக்கு என்ன மரியாதை?

விமலனும் கெஞ்சிப் பார்த்தார். "நீதானே எடிட் பண்ணே, சொல்லேன் லா."

"யானையைக் கேளுங்க," என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வெட்டிய காட்சியை எல்லா இடத்திலிருந்தும் அழித்துவிட்டேன், சார். இனி யானை சொன்னால்தான் உண்டு.

மத்தியானத்திலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு என்னை விசாரிக்கிறீர்கள். வேலை போய்விடும் என்றீர்கள், நியாயம்தான். ஆனால் கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்ன கேட்டீர்கள்? "அது கெடக்கட்டும் தாமரை, யாருதான் கொன்னது? எங்கம்மா சாப்பிட மாட்டேங்கிறாங்க லா." ஒளிபரப்புக்கு முன்பே முழுப் பகுதியையும் உங்களுக்கு அனுப்பியிருந்தேன். 'முழுசாப் பார்த்தேன், சூப்பர்' என்று பதில் போட்டீர்கள்.

புதுத் தொடரின் முதல் பகுதிக்கும் நேற்று அதே பதில்தான் வந்தது. அது இந்நேரம் ஓடத் தொடங்கியிருக்கும். அதில் கதை எதுவும் கிடையாது, சார். அரை மணி நேரமும் யானைதான், அவசரமில்லாமல் நடந்து வரும். இந்தத் தடவை அது மாலை போடும்வரை ஒருவர்கூட எழுந்திருக்க மாட்டார்.