திரும்பி வந்த மாத்திரைகள்

மாத்திரைகளைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. படித்தவர்கள்கூட அதைச் செய்கிறார்கள். கண்ணை விட்டு மறைந்தால் தீர்ந்தது என்று நினைப்பு. அது ஆற்றுக்குப் போகும், மீனுக்குள் போகும், சுற்றிக்கொண்டு மறுபடி யாரோ ஒருவர் வீட்டுக் குழாய்க்கே வரும். வேலை பார்த்த இத்தனை வருடத்தில் நான் ஒரு மாத்திரையைக்கூடத் தண்ணீரில் விட்டதில்லை. இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. நான் எப்படிப்பட்டவள் என்று தெரியட்டுமே என்றுதான் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டது கண்ணாடிக் கடைக்காரரைப் பற்றி. அவர் ரத்தத்தில் எங்கள் மருத்துவமனையில் கொடுக்கிற தூக்க மருந்து எப்படி வந்தது என்று. சொல்கிறேன். ஆனால் அவரிடமிருந்து தொடங்கினால் உங்களுக்குப் புரியாது. என் நாத்தனாரிடமிருந்து தொடங்க வேண்டும். அவளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. பரவாயில்லை.

என் அறை அடித்தளத்தில், துணி துவைக்கும் பகுதியைத் தாண்டி இருக்கிறது. ஜன்னல் கிடையாது. வார்டுகளில் மீந்துபோன மருந்தெல்லாம் அங்கேதான் வந்து சேரும். தேதி முடிந்தவை, பாதி எடுத்த ஊசி மருந்துக் குப்பிகள், வீட்டுக்குப் போனவர்களும் உலகத்தை விட்டே போனவர்களும் வைத்துவிட்டுப் போன மாத்திரை அட்டைகள். எரிக்க வேண்டியதை மஞ்சள் பையில் கட்டுவேன். புற்றுநோய் மருந்துக்குத் தனி டப்பா. கையுறை மேல் கையுறை போட்டுக்கொண்டுதான் அதைத் தொட வேண்டும். தூக்க மாத்திரை வகையறாவுக்கு இன்னும் கடுமையான விதி. அட்டையிலிருந்து பிரித்து, ஒரு தூள் கலந்த நீரில் கொட்டிக் கூழாக்க வேண்டும். ஒருவர் கொட்டும்போது இன்னொருவர் பக்கத்தில் நின்று கண்ணால் பார்க்க வேண்டும்.

அந்த இன்னொருவருக்காக நான் காத்திருப்பேன். ஏதாவது ஒரு நர்ஸ் இறங்கி வருவாள். நான் மெதுவாகத்தான் பிரிப்பேன். அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா, மாமியார் ஊருக்குப் போய்விட்டாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். அவள் இரண்டாவது அட்டையிலேயே கடிகாரத்தைப் பார்ப்பாள். “அக்கா, மேல ஆளே இல்ல. நீங்களே போட்டுடுங்க. உங்கள நம்பாம வேற யார நம்புறது?” என்று சொல்லிவிட்டுப் படியேறிவிடுவாள். செருப்புச் சத்தம் முழுவதும் அடங்கும்வரை நான் அடுத்த அட்டையை எடுக்க மாட்டேன். என்னைக் ‘குப்பை மேடம்’ என்று சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெயரை நினைவு வைத்துக்கொள்ளும் அளவுக்கு என்னோடு யாருக்கும் வேலை இல்லை, அவ்வளவுதான்.

என் கணவர் ஒரு மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு நான் அடுப்புப் பக்கத்திலேயே நின்றுகொண்டு சாப்பிடப் பழகினேன். ஒரு ஆளுக்காக மேஜையைத் துடைத்து, தட்டு வைத்து, எதற்கு? எங்கள் அடுக்குமாடியின் லிஃப்டில் ஒரு பெண்குரல் “கதவு மூடுகிறது” என்று சொல்லும். நான் “சரிம்மா” என்பேன். நாள் பூராவும் நான் பேசியது சில சமயம் அது மட்டுமாக இருக்கும்.

அப்போதுதான் அவருடைய தங்கை வந்தாள். அவள் தங்கியிருந்த விடுதியை இடிக்கப்போகிறார்கள் என்று, கொஞ்ச நாளைக்கு என்று சொல்லிக்கொண்டு வந்தாள். நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியை. வீட்டுக்குள்ளும் அவள் காரில்தான் இருப்பாள். டிவியில் யாராவது வேகமாக வண்டி ஓட்டினால் தரையில் பிரேக் மிதிப்பாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால், “அண்ணி, கிளட்ச்ச விடுங்க, வண்டி திணறுது” என்பாள். அக்கம்பக்கத்தில் நாங்கள் இருவரும் ஒற்றுமையாக இருப்பதைப் பார்த்து அதிசயப்படுகிறார்கள் என்று ஒரு நாள் அவளிடம் சொன்னேன். “அசிங்கமா இருக்கு அண்ணி. நாத்தனார்னு ஒருத்தி வந்து சண்டையே வரலைன்னா என்ன மரியாதை? வாங்க, வாரத்துக்கு ஒரு தட்டாவது தூக்கிப் போடுவோம்” என்று எழுந்தே விட்டாள். நான் மேஜையில் சாப்பிடத் தொடங்கினேன்.

கண்ணாடிக் கடைக்காரர் அவளிடம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர். அம்மாவைப் பார்த்துக்கொண்டே வயசைத் தொலைத்தவர். லைசென்ஸ் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றார். “ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுறாரு அண்ணி. சிவப்பு விளக்கு மட்டும் அவரு கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஒரு நாள் சாப்பிடும்போது அவள் சிரிக்காமல் சொன்னாள்.

“அண்ணி, ஒருத்தர் என்னைக் கட்டிக்கிறேங்கிறாரு.”

“யாரு?”

“கண்ணாடிக் கடை.”

“சிவப்பு விளக்கா?”

“அவரேதான். வேற ஊர்ல கடை போடப்போறாராம். அங்கயே போயிடலாங்கிறாரு.” பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்களும் வந்துடுங்க அண்ணி. மூணு பேருமா இருப்போம்.”

கேட்க வேண்டுமே என்று கேட்டாள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் வீட்டில் அண்ணிக்கு என்ன வேலை? எனக்கு அவள் மேல் கோபம் எதுவும் இல்லை. அவளுக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் தள்ளி நடக்கட்டும் என்றும் நினைத்தேன்.

அவர்கள் அந்த ஊருக்குப் போய் வீடு பார்ப்பதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் என் அறைக்கு ஒரு தூக்க மாத்திரை அட்டை வந்தது. மேல் மாடியில் இறந்துபோன ஒரு கிழவியுடையது. பாதிக்கு மேல் மீதி. தேதிகூட முடியவில்லை. நர்ஸ் வழக்கம்போல மேலே போய்விட்டாள். நல்ல மருந்தைக் கூழாக்குவதில் எனக்கு எப்போதும் ஒரு வருத்தம் உண்டு. வீட்டுக்குக் கொண்டுபோனேன். பாலில் கலந்து கொடுத்தேன். அவள் ரயிலைத் தவறவிட்டாள். மத்தியானம் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, “என்னாச்சுன்னே தெரியல அண்ணி. நல்ல வேளை நீங்க இருந்தீங்க” என்றாள். அவ்வளவு நாளில் அப்படி ஒரு வார்த்தையை என்னிடம் யாரும் சொன்னதில்லை.

பிறகு அது ஒரு பழக்கமாக ஆகிவிட்டது. தினமும் இல்லை. அவர்கள் ஏதாவது திட்டம் போடும்போது மட்டும். பிறகு, அவள் தெளிவாக எழுந்து சீப்பை எடுத்து வேகமாகத் தலை வாரும் நாட்களிலும். தலைசுற்றல் என்று பள்ளியில் அவளுக்கு விடுப்புக் கொடுத்தார்கள். நான் அவளை எங்கள் மருத்துவமனைக்கே கூட்டிப்போனேன். காது பார்த்தார்கள், கழுத்து எலும்பு பார்த்தார்கள். டாக்டர், “வீட்ல பாத்துக்க ஆள் இருக்கா?” என்று கேட்டார். “நான் இருக்கேன்” என்றேன். அதைச் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. அவர் எழுதிக்கொடுத்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று மாற்றினார். அதுவும் கேட்கவில்லை என்று இன்னொன்று. மீந்த அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தோம். அவையும் என் அறைக்குத்தான் வந்தன. அவற்றை முறைப்படி மஞ்சள் பையில் போட்டேன்.

அந்த மாதங்களைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். வேலை விட்டதும் நேராக வீட்டுக்குப் போவேன். கதவைத் திறக்கும்போதே “அண்ணியா?” என்று குரல் வரும். அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு, தெருவில் போகிற வண்டிகளின் சத்தத்தை வைத்தே ஓட்டுகிறவனைத் திட்டுவாள். “கியர மாத்துடா, அழுவுது பாரு.” குரல் மெலிந்திருக்கும். ஆனால் அதே குரல்தான்.

கண்ணாடிக் கடைக்காரர் சலித்துப்போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். புதுக் கடையைத் திறக்காமல் தள்ளி வைத்தார். ஒரு ஞாயிறு, லைசென்ஸைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். வேறு ஒருவரிடம் கற்றுத் தேறிவிட்டாராம். அவள் சிரித்தாள், பிறகு அழுதாள். “துரோகி, எங்கிட்டத் தோத்துட்டு இன்னொருத்தன்கிட்டப் பாஸாயிட்டீங்களே” என்றாள். அவர் என்னைப் பார்த்து, “அக்கா, அந்த ஊர்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. கல்யாணம் கிடக்கட்டும். முதல்ல வைத்தியம். ரத்தத்துலேர்ந்து எல்லாத்தையும் ஒழுங்கா பாத்துடுவாங்க” என்றார்.

நான் பயந்துவிட்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். பயம் இல்லை. முன்பின் தெரியாதவர்கள் அவளைக் குத்திப் பார்ப்பார்களே என்று மனசு கேட்கவில்லை.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின மாலையில் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கொடுத்தேன். அவளால் எழுந்திருக்க முடியாது, பயணம் நின்றுவிடும் என்று கணக்கு. காலையில் அவள் எனக்கு முன்னால் எழுந்து, புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கிருந்து பலம் வந்தது என்று தெரியவில்லை. காலைப் பாலிலும் கொடுத்தேன். அதைக் குடித்துவிட்டு, என்னைக் கட்டிக்கொண்டு, லிஃப்ட் வேண்டாம் என்று கைப்பிடியைப் பிடித்தபடி படியிறங்கிப் போனாள். நான் பால்கனியில் நின்றேன்.

கீழே அவர் காரோடு நின்றார். அவள் ஓட்டுநர் பக்கம் போய்க் கதவைத் திறந்தாள். “தள்ளி உக்காருங்க. தெருமுனை வரைக்கும் நான் ஓட்டுறேன். டீச்சரம்மா ஸ்டூடண்ட் பக்கத்துல கைகட்டி உக்காந்து போனத இந்தத் தெரு பாக்க வேணாம்.” அவர் தயங்கினார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

“அக்கா, ஓட்டலாமா? உடம்பு தாங்குமா?”

வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்பார்கள். அது ஒன்று. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்காவது லேசாக இடிக்கும், பம்பர் நசுங்கும், அவள் வெட்கப்பட்டுக்கொண்டு மறுபடி மாடியேறி வருவாள் என்று எனக்குத் தோன்றியது. அடுப்பில் இன்னும் பால் இருந்தது.

“ஆசைப்படுறா. விடுங்க” என்றேன்.

அவள் எனக்காக ஹாரன் அடித்தாள். நான் கையை ஆட்டினேன். தெருமுனையில் பள்ளிக்கூடத்து மதில் இருக்கிறது. கார் அங்கே திரும்பவில்லை. பிரேக் பிடித்த சத்தமே கேட்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் கேட்கவில்லை. அவள் அந்த இடத்திலேயே போய்விட்டாள். அவருக்குக் காலும் தோளும் முறிந்தன.

யாரும் எதையும் சோதிக்கவில்லை. நோயாளி வண்டி ஓட்டினாள், அவ்வளவுதான். எல்லோரும் அவளைச் சொன்னார்கள். அப்புறம் சாவியைக் கொடுத்தவர் என்று அவரைச் சொன்னார்கள். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுத்ததாக அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட மனிதர்.

கட்டுப் பிரித்ததும் அவர் மறுபடி ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினார். கைத்தடி ஊன்றிக்கொண்டு வருவார். அவளைப் பற்றிப் பேச அவருக்கும் ஆள் இல்லை, எனக்கும் ஆள் இல்லை. நான் இரண்டு தட்டு வைப்பேன். அவள் கற்றுக்கொடுக்கும்போது எப்படித் திட்டுவாள் என்று அவர் சொல்லிக் காட்டுவார். நான் அவள் சின்ன வயதில் அண்ணனோடு சண்டை போட்ட கதையைச் சொல்வேன். சொன்ன கதையையே மறுபடி சொன்னாலும் இருவரும் கேட்போம். என் மூக்குக்கண்ணாடி கோணலாக இருக்கிறது என்று ஒரு நாள் அதை வாங்கி, துடைத்து, நிமிர்த்தி, அவரே என் காதில் மாட்டிவிட்டார். வேறு ஒன்றும் இல்லை. நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மனிதக் கை பட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

போன ஞாயிறு அவர் சாப்பிட உட்காரவில்லை.

“அக்கா, நான் கிளம்புறேன். அந்த ஊர்லயே போய்க் கடையத் திறந்தாத்தான் மனசு கொஞ்சம் மாறும். இங்க எந்தத் தெருவுல நடந்தாலும் அவதான் தெரியுறா.”

“நல்லதுதான்” என்றேன். “சாப்பிட்டுட்டுப் போங்க.”

அவள் உடம்பு திடமானது. இவர் இளைத்துப்போயிருந்தார். அதை நான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். படியில் இறங்கும்போது மடங்கி விழுந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான். வழி முழுக்க அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்ததும் நான்தான். ஒரு சின்ன டாக்டர், இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த பெண், ரத்தத்தை எல்லாவற்றுக்கும் சோதிக்க அனுப்பிவிட்டாள். நன்றாக வேலை செய்கிறாள்.

ஆக, இரண்டு பேருக்கும் கொடுத்தது நான்தான். கூழாக்க வேண்டியதை எடுத்து வந்ததும் நான்தான். அந்த நர்ஸ்களை ஒன்றும் செய்யாதீர்கள். அவர்களுக்கு நிற்க நேரம் இல்லை, அவ்வளவுதான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவசரம் இல்லை, நீங்கள் மெதுவாகவே எழுதுங்கள்.

அவர் கண் விழித்துவிட்டார் என்று வெளியே பேசிக்கொண்டார்கள். அந்த ஊருக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தால் விடாதீர்கள். தெரியாத ஊரில் அவரை யார் பார்த்துக்கொள்வார்கள்? என்னை விட்டால் அவருக்கு யாரும் இல்லை.