பபூன் ஞானாதிக்கத்தின் நோட்டீஸ்கள்

புதன்கிழமைகளில் என் கடையில் கூட்டம் இருக்காது. கலியாண அட்டை அடிக்க வருகிறவர்கள் சனி, ஞாயிறில்தான் குடும்பத்தோடு லா ஷப்பல் கடைத்தெருவுக்கு வருவார்கள். மரண அறிவித்தலுக்கு நாள் கிழமை கிடையாது, ஆனால் அந்த வேலை கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால்தான் உங்கள் அப்பாவைப் புதன்கிழமைகளில் வரச் சொன்னேன், நதாலி. எல்லாம் இந்தச் சின்ன வசதியில் தொடங்கியதுதான்.

நேற்று நீங்கள் அப்பாவின் நோட்டீஸ் பெட்டியை என் மேசையில் வைத்து, "இதெல்லாம் யாரு அடிச்சது, முசே?" என்று கேட்டீர்கள். நூலகத்துக்காரர்கள் பார்த்துவிட்டு, தாள் பிரான்சுத் தாள், அச்சு இந்தக் காலத்து அச்சு என்று எழுதிக் கொடுத்ததாகச் சொன்னீர்கள். கடையில் ஆட்கள் நின்றார்கள். எழுதித் தருகிறேன் என்றேன். அடித்தது நான்தான். அந்தப் பதில் ஒரு வரியில் முடிந்துவிட்டது. ஏன் என்பதற்குத்தான் தாள் வேண்டும்.

2011இல் உங்கள் அம்மா ஜெனவியேவின் நினைவு அட்டைக்காக அப்பா வந்தார். அட்டையை வாங்கிய பிறகும் போகாமல் நின்றார். வீட்டுக்குப் போக மனமில்லாதவர்கள் எப்படி நிற்பார்கள் என்பது என் தொழிலில் தெரிந்துவிடும். தேத்தண்ணி கொடுத்தேன். அப்போதுதான் தன் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிச் சொன்னார்.

"ஞானாதிக்கம்னு பேரு. பபூன் வேஷம் கட்டுறவரு. விக்டோரியா ராணி காலத்துல, புதுச்சேரிலேர்ந்து ஒரு நாடகக் கம்பெனியோட தோணி ஏறி உங்க யாழ்ப்பாணத்துக்குப் போனாரு. திரும்பி வரல. பொண்டாட்டி புள்ளைய வுட்டுட்டு ஓடிட்டான்னு எங்க வூட்ல இன்னிக்கும் பேச்சு. ஒரு துண்டு நோட்டீஸ் கெடைச்சாப் போதும், முசே. அவரு ஓடிப்போனவரு இல்லன்னு காட்டிட்டுத்தான் சாவேன்."

நாங்கள் அதற்கு முன்பே அறிமுகமானவர்கள். முந்திய வருடம் சங்கத்து நாடகப் போட்டியில் நான் அரசன் வேடம் போட்டேன், அவர் நடுவர். ஒலிவாங்கியைப் பிடித்து, "முசே வாமதேவனோட வசனம் கேட்டுச்சு, மேடையில ஆளைத்தான் காணோம்" என்றார். மண்டபம் சிரித்தது, நானும் சிரித்தேன். அதை அன்றைக்கே மறந்துவிட்டேன். மூன்றாம் வரிசையில் பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினாள் என்பது மட்டும் ஏனோ நினைவில் நிற்கிறது.

அவருடைய முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஊரில் மாமா வீட்டில் ஒரு பழைய பெட்டி கிடக்கிறது, மச்சானைத் தேடச் சொல்கிறேன் என்றேன். மாமா வீட்டில் பெட்டி இல்லை. மாமாவே இல்லை.

பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த பிரெஞ்சுப் புத்தகம் ஒன்று வாங்கி, அதன் வெற்றுத் தாள்களை வெட்டித் தேயிலைச் சாயத்தில் நனைத்து, இஸ்திரிப் பெட்டியால் காயவைத்தேன். கொம்பு வைத்த பழைய லை, ணை எல்லாவற்றையும் கையால் வரைந்து கணினியில் ஏற்றினேன். 'மகாராணியார் ஜூபிலி மகோற்சவத்தை முன்னிட்டு, ஏஜண்டு துரையவர்கள் சமுகத்தில், புதுவை பபூன் ஞானாதிக்கம் தோன்றிச் சபையோரை வயிறு குலுங்கச் செய்வார். ஸ்திரீகளுக்குத் தனியிடம் உண்டு. கொட்டகைக்குள் வெற்றிலை துப்புகிறவர்கள் வெளியேற்றப்படுவார்கள்.' கடைசி வரியில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். உங்கள் அப்பா அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக அன்றைக்குச் சாப்பாட்டுக் கடையில் இரண்டு தோசை சாப்பிட்டார்.

இரண்டாவது நோட்டீஸில்தான் அகப்பட்டேன். தேதி 1888 மார்ச் 9, வெள்ளிக்கிழமை என்று போட்டிருந்தேன். நாளும் கிழமையும் சரிதானா என்று பார்த்துத்தான் போட்டேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"தவக்காலத்து வெள்ளிக்கிழமையா? நாங்க கிறிஸ்துவங்க, முசே. உசிரு போனாலும் அன்னிக்கு வேஷம் கட்ட மாட்டோம்."

நான் ரூ பஜோல் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற ஆள். தவக்காலம் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? கையும் களவுமாகப் பிடிபட்டேன் என்றே நினைத்தேன். அவர் மேசையில் ஓங்கித் தட்டினார்.

"அப்படின்னா சாமியாரோட சண்டை போட்டிருக்காரு! கோயில்லேர்ந்து தள்ளி வெச்சிருப்பாங்க. எந்த மூஞ்சியோட புதுச்சேரிக்குத் திரும்புவாரு?"

இதைவிட நல்ல கதையை என்னால் கட்டியிருக்க முடியாது. அடுத்த புதன்கிழமையே பங்குச் சாமியாரின் தடை அறிவித்தலை அடித்துக் கொடுத்தேன். பிறகு ரோசாலி என்று ஒரு நடிகை வந்தாள், ஒரு நாள் கொட்டகை தீப்பிடித்தது. அவர் கேள்வி கேட்பார், நான் பதிலை அடிப்பேன். புத்தகம் எழுதத் தொடங்கினார். ஆர்ஜொந்தெய்யில் உங்கள் வீட்டுச் சுவரில் அவர் ஒட்டிய பெரிய யாழ்ப்பாண வரைபடத்தில் கொட்டகை இருந்த இடத்துக்குச் சிவப்புப் புள்ளி வைத்தவனும் நான்தான். அந்த இடத்தில் என் சித்தப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார்.

2014இல் நீங்கள் தொலைபேசியில் பேசினீர்கள். அப்பாவின் கண்ணில் புரையும் இருக்கிறது, அழுத்தமும் ஏறுகிறது, இரண்டையும் ஒரே சத்திரசிகிச்சையில் செய்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். "அழுத்தத்துல போற பார்வை திரும்ப வராதாம். டாக்டரோட ராந்தேவு புதன்கிழமை. நீங்க சொன்னா கேப்பாரு." கட்டாயம் சொல்கிறேன் என்றேன்.

சொல்லத்தான் போனை எடுத்தேன். பிறகு யோசித்தேன். புரை எடுத்த கண் எவ்வளவு தெளிவாகப் பார்க்கும்? கையில் ஏற்கெனவே ஒரு பூதக்கண்ணாடி வைத்திருக்கிற மனிதர். என் அச்சு இயந்திரம் எழுத்தைச் சுற்றிப் பொடிப் பொடியாகக் கறுப்புப் புள்ளி தெளிக்கும், அதைப் புரை விழுந்த கண்ணுக்குத்தான் மறைக்க முடியும். தெளிவான கண் வந்தால் முதல் நாளே பார்த்துவிடுவார். ஞானாதிக்கம் மறுபடியும் ஓடிப்போனவன் ஆகிவிடுவான். அந்த மனிதரின் மனம் உடைவதை என்னால் பொறுக்க முடியாது.

அதனால் செவ்வாய்க்கிழமை போன் எடுத்தேன். "அண்ணை, நாளைக்கு ஊரிலையிருந்து பார்சல் வருது. நீங்கள் வராட்டில் நான் பிரிக்க மாட்டன்." அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நான்கு மாதம் கழித்து அடுத்த ராந்தேவு கிடைத்தது. அன்றைக்கு ரோசாலியின் கடிதம் வந்தது. மூன்றாவது தடவை நீங்களே லீவு போட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போக வந்தீர்கள். அவர் விடியக்காலமே வீட்டிலிருந்து கிளம்பி என் கடைக் கதவடியில் வந்து நின்றார். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டார். கொடுத்த வாக்கை நான் காப்பாற்றினேன்.

2016 தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம் என்று நினைக்கிறேன், நோட்டீஸைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "நீங்களே படிங்க முசே, இன்னிக்கு வெளிச்சம் பத்தல" என்றார். கடையில் ஆறு குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து நானே ஆர்ஜொந்தெய்க்கு வருகிறேன். மழையிலும் வந்தேன், ரயில் வேலைநிறுத்தத்திலும் வந்தேன். நீங்களே எத்தனை தடவை வாசலில் நின்று எனக்கு நன்றி சொல்லியிருக்கிறீர்கள். இப்போது தாளை நனைப்பதுமில்லை, எழுத்து வரைவதுமில்லை. போன புதன்கிழமை நான் கையில் பிடித்திருந்தது உங்கள் வீட்டு மின்சாரக் கட்டணக் கடிதம். அதைப் பார்த்துத்தான் ஞானாதிக்கம் கடைசி ராத்திரி கடலைப் பார்த்து மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிற இடத்தைச் சொன்னேன். ஆண் குரல், பெண் குரல், சாமியார் குரல், மூன்றும் நான்தான். நீங்கள் குசினியில் நின்றீர்கள், உங்களுக்கும் கேட்டிருக்கும்.

அப்பா அழுதார். என் கையைத் தடவிப் பிடித்து, "நீங்க மேடைக்குப் போயிருக்கணும், முசே. எல்லாரையும் கண்ணெதிர்ல பாத்த மாதிரி இருக்கு" என்றார். ரயிலில் திரும்பும்போது அந்த வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். என் எதிரில் இருந்த பிரெஞ்சுக்காரி வேறு இருக்கைக்கு மாறினாள்.

நான் செய்ததெல்லாம் அவர் தனியே இருக்கக் கூடாது என்றுதான். இதை நீங்கள் நம்ப வேண்டும். அவரிடம் உண்மையைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது, நான் தடுக்க மாட்டேன். இந்தப் புதன்கிழமை மட்டும் போகட்டும். ரோசாலியின் மரணக் காட்சியை இப்போதுதான் பாடமாக்கி முடித்திருக்கிறேன்.